அக்கா மகன் பட்டறைக்கு வந்த மே மாதம்

ஏப்ரல் பிறந்தால் போதும், "பையன் சும்மாதான் இருக்கான், லீவுல உங்க பட்டறையில விடட்டுங்களா" என்று கேட்டு நாலு பேராவது வந்துவிடுவார்கள். சேலத்தில் லேத் பட்டறை, அதாவது இரும்பைச் சுழலவிட்டுக் கடைந்து கொடுக்கும் பட்டறை, வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். பாதிப் பேருக்குப் பையன் வீட்டில் உட்கார்ந்து போனை நோண்டாமல் இருந்தால் சரி. மீதிப் பேர் பையனை பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்த்துவிட்டவர்கள். காலேஜில் ட்ரெயினிங் சர்டிபிகேட் கேட்கிறார்கள், லெட்டர்பேடில் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்பார்கள். கையெழுத்து மட்டும் வேண்டும் என்று வருபவர்களுக்கு நான் போட்டுக் கொடுப்பதில்லை. இதனால் சொந்தக்காரர் ஒருவர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நிறுத்தட்டும்.

போன வருடம் மே மாதம் வந்தவன் என் அக்கா மகன். பத்தாவது முடித்து டிப்ளமோ மெக்கானிக்கல் சேர்ந்தவன், ரெண்டாம் வருடம் முடித்திருந்தான், 17 வயது. அவனை நான் கூப்பிடவில்லை, அவனாகத்தான் கேட்டான். அதற்கு முந்தைய லீவில் காலேஜ் வழியாக ஒரு பெரிய தொழிற்சாலைக்கு இன்பிளான்ட் ட்ரெயினிங் போய்வந்திருந்தான், பெயர் இங்கே வேண்டாம். தலைக்கு ஹெல்மெட் கொடுத்தார்கள், தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள், கோட்டுக்கு இந்தப் பக்கமே நடக்க வேண்டும், கூட வந்தவர் முன்னால் போய்க்கொண்டே இருந்தார், நின்று ஒரு மெஷினைக் காட்டி இது என்ன செய்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை, கடைசி நாள் எல்லாரையும் நிற்கவைத்து போட்டோ எடுத்து சர்டிபிகேட் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "மாமா, ஒரு நட்டைக்கூட நான் கையால தொடல" என்று என்னிடம் சொன்னபோது பையனுக்கு நிஜமாகவே கோபம். அந்தக் கோபத்துக்காகத்தான் வரச் சொன்னேன்.

இந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தொழில் பழக்குவதைப் பற்றி எனக்கு ஒரே ஒரு அபிப்பிராயம் உண்டு, இதை எழுதுவதும் அதைச் சொல்லத்தான். அவன் செய்கிற பொருளுக்காக வெளியே ஒரு மனுஷன் காத்திருக்க வேண்டும். அந்தப் பொருள் போய் எங்கேயாவது ஓட வேண்டும், ஓடவில்லையென்றால் திரும்பி வர வேண்டும். இது இல்லாத பயிற்சி எத்தனை வாரம் நடந்தாலும் வேடிக்கை பார்த்த கணக்குதான்.

எங்கள் பட்டறை செவ்வாய்ப்பேட்டைப் பக்கம். ஒரு ஆறடி லேத், ஒரு எட்டடி லேத், சாவிக்காடி என்கிற பள்ளம் போட ஒரு பழைய ஷேப்பர், ட்ரில்லிங் மெஷின், வெல்டிங் செட், அவ்வளவுதான். வேலைக்குப் பஞ்சமில்லை, ஏனென்றால் சுற்றிலும் இருக்கிற ஊர்கள் அப்படி. இளம்பிள்ளை, தாரமங்கலம், ஜலகண்டபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் விசைத்தறி. கிழக்கே ஆத்தூர் வரைக்கும் ஜவ்வரிசி ஆலைகள். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தது இந்த ஆலைக்காரர்களுக்காகத்தான். அதே 1981-ல்தான் கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலை ஓட ஆரம்பித்தது. கஞ்சமலை எங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். அந்த மலையில் இரும்புக்கல் இருக்கிறது. 1830 வாக்கில் ஜோசையா ஹீத் என்ற வெள்ளைக்காரர் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு, சேலம் பக்கத்து இரும்புக்கல்லை நம்பிப் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்த கதையை அக்கா மகனுக்கு ஒருநாள் சொன்னேன். நம்ம ஊர்க் கல்லை எடுத்துக்கொண்டு போய்க் கடலோரத்தில் ஏன் உருக்கினார், இங்கேயே உருக்கியிருக்கலாமே என்று கேட்டான். நல்ல கேள்வி.

சரி, பட்டறைக்கு வருவோம். எங்களிடம் ஒரு பெரியவர் இருக்கிறார், என் அப்பா காலத்திலிருந்து லேத்தில் கடையும் டர்னர். ஐடிஐ டர்னர் ட்ரேடு ரெண்டு வருடம் முடித்துவிட்டு வருகிற பையன்கள்கூட அவர் கையில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர் பொறுப்பில்தான் இவனை விட்டேன். முதல் நாள் அவர் செய்த முதல் காரியம் இவன் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்ததுதான். மணிக்கட்டில் கோயில் கயிறு ரெண்டு சுற்று. "கண்ணு, இதைக் கழட்டிச் சாமி படத்துக்கிட்ட வெச்சுட்டு வா" என்றார். இவன் தயங்கினான், அம்மா கட்டிவிட்டது. பெரியவர் அதட்டவில்லை. லேத்தில் பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் ஒரு கம்பியை மாட்டி, மெதுவான வேகத்தில் ஓடவிட்டு, தூரத்தில் நின்றபடி ஒரு நூல் முனையை அதன் மேல் பட விட்டார். கண் சிமிட்டுவதற்குள் கை நீள நூல் முழுதும் கம்பியில் சுற்றிக்கொண்டது. பையன் மறுபேச்சு இல்லாமல் கயிற்றைக் கழற்றினான். லேத்தில் கையுறை கூடாது, மோதிரம் கூடாது, சட்டைக் கையைத் தொங்கவிடக் கூடாது, சக் சாவியை சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்சைத் தொடக் கூடாது, சுருளாக வரும் இரும்புச் சீவலைக் கையால் இழுக்கக் கூடாது, கொக்கியால்தான் எடுக்க வேண்டும். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது, அவனும் படித்துப் பரீட்சை எழுதியிருந்தான். நூல் சுற்றியதைப் பார்த்த பிறகுதான் அது அவனுக்குள் இறங்கியது.

ஓடுகிற மெஷினைத் துடைப்பது, எண்ணெய் விடுவது இதெல்லாம் 18 வயது ஆகாதவர்கள் கையில் கொடுக்கக் கூடாது என்று 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் புதுப்பையனுக்கு முதலில் கொடுக்கிற வேலையே துணியைக் கையில் கொடுத்து மெஷினைத் துடைக்கச் சொல்வதுதான். எங்கள் பட்டறையில் மெயின் ஸ்விட்சை அணைக்காமல் யாரும் துணியை எடுக்கக் கூடாது, எனக்கும் சேர்த்துத்தான்.

ஆரம்பத்தில் சில நாட்கள் அவனுக்கு லேத்தே கிடையாது, அரம்தான். வெட்டிய ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து, ஆறு பக்கமும் சமமாக ராவி, மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் இடுக்கில் ஒளி தெரியாத அளவுக்குக் கொண்டுவரச் சொன்னார். முதல் நாள் ராவிய பக்கம் நடுவில் மேடாகவும் ஓரம் சரிந்தும் இருந்தது, எல்லாருக்கும் அப்படித்தான் வரும், அரத்தைத் தள்ளும்போது கை ஊஞ்சல் மாதிரி ஆடுவதால் வருவது. கை கொப்புளித்துவிட்டது. அக்கா போன் போட்டு "ஏன்டா, மிஷின்ல வேலை கத்துக்கிட்டு வருவான்னு அனுப்புனா, இரும்பைத் தேய்க்க வெச்சிருக்கியா" என்று என்னைத் திட்டினாள். அந்த நேரத்தில் அவன் சிநேகிதர்கள் பைக்கில் ஏற்காட்டுக்குப் போய் மலர்க் கண்காட்சி போட்டோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இவன் தகரக் கூரைக்கு அடியில் வியர்வை சொட்ட நிற்கிறான். மறுநாள் வரமாட்டான் என்று மற்ற பையன்கள் பேசிக்கொண்டார்கள். வந்தான்.

ராவுவது எதற்கு என்று பெரியவர் விளக்கிச் சொல்கிற ஆள் இல்லை, நான் சொல்கிறேன். ஒரு மி.மீ.-ல் பத்தில் ஒரு பங்கு எவ்வளவு என்பது கைக்குத் தெரிய வேண்டும். வெர்னியரில் எண்ணாகப் படிப்பது வேறு, நாலு தள்ளு தள்ளினால் இவ்வளவு குறையும் என்று விரலுக்குத் தெரிவது வேறு. அது தெரிந்தவன்தான் லேத்தில் கைப்பிடியைப் பயந்து திருப்புவான், பயந்து திருப்புகிறவனைத்தான் நம்பி மெஷினைக் கொடுக்கலாம்.

அப்புறம் லேத். எங்கள் ஆறடி லேத்தில், வெட்டுகிற டூலை உள்ளே வெளியே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு டயலில் ஒரு கோடு 0.05 மி.மீ. டூல் 0.05 உள்ளே போனால் விட்டத்தில் 0.1 குறையும், சுற்றி எல்லாப் பக்கமும் அல்லவா கடைகிறது. இதை வகுப்பில் சொன்னால் யாருக்கும் புரியும், கைப்பிடியைப் பிடித்து நிற்கும்போது மறந்துபோகும். இன்னொன்று பேக்லாஷ். ரெண்டு கோடு கூடப் போய்விட்டது என்று கைப்பிடியைப் பின்னால் ரெண்டு கோடு திருப்பினால் டயல் திரும்பும், டூல் நின்ற இடத்திலேயே நிற்கும், ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி. அரைச்சுற்று நன்றாகப் பின்னால் போய் மறுபடி முன்னால் வந்துதான் அளவைப் பிடிக்க வேண்டும். வீணாய்ப்போன கம்பித் துண்டுகளைக் கொடுத்து இதையெல்லாம் பழகவிட்டார் பெரியவர். வேகக் கணக்கு மட்டும் பையன் அவனாகவே போட்டான். சாதா இரும்பை எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலால் கடையும்போது, வெட்டும் இடத்தில் வேகம் நிமிடத்துக்கு 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 50 மி.மீ. கம்பிக்கு 190 சுற்று, 25 மி.மீ.-க்கு அதைப் போல் ரெட்டிப்பு. பெரியவர் இந்தக் கணக்கைப் போட்டதே கிடையாது, சத்தத்தை வைத்தே கியர் மாற்றுவார். ஆனால் பையன் சொன்ன எண்ணும் அவர் வைத்திருந்த வேகமும் பக்கத்தில் பக்கத்தில் வந்ததைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம்.

அந்த மாதத்தின் நடுவில் ஒருநாள் மத்தியானம் இளம்பிள்ளையிலிருந்து ஒரு தறிக்காரர் வந்தார். தறி நின்றுபோய்விட்டது, பாவு ஏறி நிற்கிறது, சுழலுகிற தண்டான ஷாஃப்ட்டையும், அதைத் தாங்குகிற வளையமான, தேய்ந்துபோன கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ்ஷையும் கழற்றிப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "நாலு மணிக்குத் தறி ஓடோணுங்க" என்றார். பெரியவர் புஷ்ஷை வாங்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவனிடம் நீட்டினார். நீயே செய் என்றுகூடச் சொல்லவில்லை.

பையன் மைக்ரோமீட்டரை எடுத்து ஷாஃப்ட்டை மூன்று இடத்தில் அளந்தான். ஓரத்தில் 24.95, நடுவில் 24.86, அதே நடுவில் கொஞ்சம் திருப்பி அளந்தால் வேறு எண். தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. எந்த எண்ணுக்கு புஷ் போடுவது என்று என்னைப் பார்த்தான், நான் பெரியவரைப் பார்த்தேன், அவர் ஷாஃப்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பையனே சொன்னான், முதலில் ஷாஃப்ட்டை லேசாகக் கடைந்து ஒரே வட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும், பிறகுதான் அதற்கு ஏற்ற புஷ் என்று. அதுதான் சரி. கோணலான ஷாஃப்ட்டுக்குப் புது புஷ் போட்டுக் கொடுத்தால் ஒரு மாதத்தில் திரும்பி வரும். ஷாஃப்ட் 24.70-க்கு வந்து நின்றது. புஷ் துளை 24.75, எண்ணெய் நிற்க அந்த ஐந்து பாயிண்ட் இடைவெளி வேண்டும்.

கன்மெட்டல் வார்ப்பை சக்கில் பிடித்தான். கன்மெட்டல் இரும்பு மாதிரி சுருளாக வராது, பொடிப் பொடியாகத் தெறிக்கும், தங்கத்தூள் நிறத்தில். முகத்தைக் கடைந்து, போரிங் டூலை மாட்டித் துளையைப் பெரிதாக்க ஆரம்பித்தான். துளை 24.40 வந்ததும் அளந்தான். இன்னும் 0.35 போக வேண்டும். டயலில் ஏழு கோடு நகர்த்தினான். ஏழு கோடு என்றால் 0.35 சரிதான், ஆனால் அது ஒரு பக்கம். எனக்குக் கை பரபரத்தது, பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், நான் நின்ற இடத்திலேயே நின்றேன். டூல் உள்ளே போய் வெளியே வந்தது. அளந்தால் 25.10. ஷாஃப்ட்டை விட்டுப் பார்த்தால் கடகடவென்று ஆடுகிறது.

பையன் முகம் செத்துப்போய்விட்டது. வாசல் பெஞ்சில் தறிக்காரர் உட்கார்ந்திருக்கிறார், மணி ஓடிக்கொண்டிருக்கிறது. பெரியவர் ஒன்றுமே சொல்லாமல் அலமாரியிலிருந்து இன்னொரு வார்ப்பை எடுத்து லேத் மேல் வைத்தார். நான் வெளியே போய்த் தறிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன், பையன் பழகுகிறான், ஒன்று போய்விட்டது, இன்னொன்று போடுகிறோம், காசு ஒன்றுக்குத்தான் என்றேன். "அதுக்கென்னங்க, என் பையனும் தறியில இழை பிணைக்கப் பழகறப்போ எத்தனை சேலை போச்சு, பழகட்டும், ஆனா நாலு மணி மறந்துறாதீங்க" என்று சொல்லிவிட்டு எதிர்க் கடையில் தட்டுவடை செட் சாப்பிடப் போனார்.

ரெண்டாவது வார்ப்பில் அவன் வேகமே மாறிவிட்டது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பென்சிலால் பெஞ்சில் எழுதி, பாதியாக்கி, பிறகுதான் கைப்பிடியைத் தொட்டான். கடைசி அளவு வந்ததும் டயலைத் தொடாமல் அதே அளவில் இன்னொரு ஓட்டம் விட்டான். போரிங் டூல் நீட்டிக்கொண்டிருப்பதால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அதே இடத்தில் இன்னொரு முறை போனால்தான் மீதியையும் எடுக்கும். இதைப் பெரியவர் எப்போதோ செய்ததைப் பார்த்து வைத்திருந்திருக்கிறான், யாரும் சொல்லவில்லை. துளை முடிந்ததும் சக்கிலிருந்து கழற்றப் போனவனைப் பெரியவர் தடுத்தார். வெளி விட்டத்தையும் அதே பிடிப்பிலேயே கடைந்துவிட வேண்டும், கழற்றித் திருப்பி மாட்டினால் உள்வட்டமும் வெளிவட்டமும் ஒரே மையத்தில் நிற்காது. கடைந்து, அறுத்து எடுத்து, பிசிர் தட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஷாஃப்ட்டில் போட்டான். ஆடவும் இல்லை, பிடிக்கவும் இல்லை, விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போனது. தறிக்காரர் ரெண்டு தடவை தள்ளிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். சாயங்காலம் தறி ஓடுகிறது என்று போன் வந்தது. போனைப் பையனிடமே கொடுத்துக் கேட்கச் சொன்னேன், பின்னால் தறிச் சத்தம் கேட்டதாம்.

பெரிதாகிப் போன அந்த 25.10 புஷ் வீணாகவில்லை. அதை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தோம், தேய்மானம் குறைந்த வேறொரு பெரிய ஷாஃப்ட்டுக்கு ஆடி மாதம் பொருந்திப்போனது. அப்படிப் பொருந்தாவிட்டாலும் எனக்கு நஷ்டம் பெரிதில்லை, கன்மெட்டல் துண்டுக்கு வார்ப்படக்காரர் எடைக்கு எடை காசு கொடுப்பார். ஒரு பையன் தொழில் கற்றுக்கொள்வதற்கு ஒரு வார்ப்பு போவதைச் செலவாகக் கணக்கு எழுதுகிற பட்டறைக்காரர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, அவர்களும் அப்படிக் கெடுத்துப் பழகித்தானே டர்னர் ஆனார்கள்.

அதற்குப் பிறகு நடந்த ஒன்றுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது. சீசன் இல்லாத நேரத்தில் ஜவ்வரிசி ஆலைகளில் மராமத்து பார்ப்பார்கள். ஒரு ஆலையிலிருந்து கிழங்கு அரைக்கும் மெஷினின் ஷாஃப்ட் வந்திருந்தது. 6206 பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து, பேரிங் சும்மா சுழன்றுகொண்டிருந்திருக்கிறது. பேரிங் எண்ணில் கடைசி ரெண்டு இலக்கம் 04-ம் அதற்கு மேலும் இருந்தால், அதை ஐந்தால் பெருக்கினால் துளை அளவு வந்துவிடும், 06 என்றால் 30 மி.மீ. இதை ஒருமுறை கேட்டவர்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். வெல்டிங் வைத்து ஏற்றி, மறுபடி கடைந்து 30-க்குக் கொண்டுவர வேண்டும். பேரிங் இறுக்கமாக உட்கார வேண்டுமானால் ஷாஃப்ட் 30.002-க்குக் குறையக் கூடாது, 30.015-க்கு மேல் போகக் கூடாது. இந்த வேலை பெரியவர் கையில்தான், அளக்கிற வேலை மட்டும் பையனுக்கு.

கடைசி ஓட்டம் முடிந்ததும் பையன் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து 30.01 என்றான். சரியாக நடுவில். பேரிங்கை எடுக்கப் போனான். பெரியவர் ஷாஃப்ட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நல்ல சூடு. "ஆறட்டும் கண்ணு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஆறிய பிறகு அளந்தால் மைக்ரோமீட்டர் 30-ஐக்கூடத் தொடவில்லை, ஒரு மயிரிழை கீழே நிற்கிறது. பெரியவர் இதை எதிர்பார்த்துத்தான் கடைசி ஓட்டத்தை நிறுத்தியிருந்தார் என்று நினைத்தேன், அவரோ அது கடைசி ஓட்டமே இல்லை என்றார். பேரிங் இடத்துக்குப் பக்கத்தில் அதே அளவுக்கு ஒரு இடத்தைக் கடைந்து, பையன் என்ன சொல்கிறான் என்று பார்த்திருக்கிறார். பேரிங் இடத்தில் இன்னும் உலோகம் மிச்சம் இருந்தது.

அன்று ராத்திரி பையன் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினான். முதல் வருட இயற்பியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறான். எஃகு ஒரு டிகிரி சூடேறினால் ஒரு மி.மீ.-க்கு 0.0000115 மி.மீ. நீளும். 30 மி.மீ. விட்டம், காற்றைவிட 40 டிகிரி கூடுதல் சூடு என்றால் 0.0138. "மாமா, 30.010-ல இருந்து 0.014 போனா 29.996. பேரிங் லூஸாயிருக்கும்." அந்த எண்ணை அவன் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அது எதற்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் காலையில் வந்ததும் அடுத்த கேள்வி, உலகம் முழுக்க 20 டிகிரியில் அளக்க வேண்டும் என்கிறார்களே, சேலத்து மே மாதத்தில் நாம் அளப்பதெல்லாம் தப்பா என்று. ஷாஃப்ட்டும் பேரிங்கும் மைக்ரோமீட்டரும் மூன்றுமே எஃகு, மூன்றும் ஒரே சூட்டில் இருந்தால் மூன்றும் சேர்ந்தே நீளும், அதனால் பொருத்தம் கெடாது என்று பேசி முடிவுக்கு வந்தோம். பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அதனால்தான் மைக்ரோமீட்டரை வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதே என்று இத்தனை வருடமாகக் கத்துகிறேன் என்றார்.

கம்ப்யூட்டர் ப்ரோக்ராமில் ஓடும் சிஎன்சி மெஷின் வந்தாகிவிட்டதே, இந்தப் பழைய லேத்தில் எதற்குப் பிள்ளைகளைக் கஷ்டப்படுத்துகிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. இந்த வருடம் காலேஜில் அவனுக்கு சிஎன்சி பாடம் வந்தது. ப்ரோக்ராமில் எக்ஸ் மதிப்பை விட்டமாகவே கொடுப்பது ஏன், வெட்டும் வேகத்தை ஒரே அளவில் வைக்கிற ஜி96 கட்டளை போட்டால் விட்டம் குறையக் குறைய மெஷின் ஏன் தானாகவே வேகத்தைக் கூட்டுகிறது, இதெல்லாம் வகுப்பில் மற்றவர்களுக்கு மனப்பாடம், இவனுக்குக் கையால் செய்த வேலை. தேய்ந்துபோன ஒரே ஒரு ஷாஃப்ட்டைத் தூக்கிக்கொண்டு வரும் தறிக்காரருக்கு ப்ரோக்ராம் எழுதிக்கொண்டு உட்கார முடியாது என்பது இன்னொரு பக்கம். ஹென்றி மாட்ஸ்லே என்ற இங்கிலாந்துக்காரர் 1800 வாக்கில் செய்த மரை வெட்டும் லேத்தின் வழியில்தான் எங்கள் ஆறடி லேத் இன்றைக்கும் மரை வெட்டுகிறது. அவரும் 12 வயதில் வேலைக்குப் போனவர், 18 வயதில் பூட்டுச் செய்யும் பிராமா என்பவரின் பட்டறையில் சேர்ந்தவர். 12 வயதுப் பிள்ளையை வேலைக்கு அனுப்புகிற காலம் திரும்ப வரவே கூடாது, படிக்கிற வயது அது. ஆனால் 17, 18 வயதில் படிப்போடு சேர்த்து ஒரு பட்டறையில் நிற்பதை நான் முழு மனசாக ஆதரிப்பேன்.

கூலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாருக்கும் கொடுக்கும்போது அவனுக்கும் கொடுத்தேன், ஹெல்ப்பருக்குக் கொடுப்பதில் பாதி. சொந்தக்காரப் பையன், கற்றுக்கொள்ள வந்தவன், அவனுக்கு எதற்கு என்று அக்காவே கேட்டாள். அவன் செய்த புஷ்ஷுக்கு நான் காசு வாங்கினேன் அக்கா என்றேன். பயிற்சி என்ற பெயரில் மாதக்கணக்கில் சும்மா வேலை வாங்கிவிட்டு சர்டிபிகேட் கொடுத்து அனுப்புகிற இடங்கள் இருக்கின்றன, அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பையன் முதல் சம்பளத்தில் ஒரு வெர்னியர் வாங்கினான், வீட்டில் பார்க்கிற எல்லாவற்றையும் அளந்து தொலைக்கிறான் என்று அக்கா சொன்னாள், சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

வருகிற மே மாதத்துக்கு இப்போதே ரெண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒன்று இவன். இன்னொன்று இவனோடு படிக்கிற ஒரு பெண். அந்தப் பெண் அப்பாவோடு பட்டறைக்கே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனாள், பெரியவரிடம் ஷேப்பரைப் பற்றி அரை மணி நேரம் கேள்வி கேட்டாள். மெஷின், டூல், வேலை எதிலும் தடை இல்லை. பட்டறையில் பெண்களுக்கென்று கழிப்பறை இல்லை, அது ஒன்றுதான் குறை. பின்பக்கம் ஷெட்டை ஒட்டி இடம் இருக்கிறது, செங்கல் வந்து இறங்கிவிட்டது, கொத்தனார் திங்கட்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். கதவையும் தாழ்ப்பாளையும் நானே செய்துவிடுவேன்.